பெயரால் ஒன்று, பொருளால் வேறு

லினோலியம் வேண்டும் என்று கேட்டால் கடைகளில் பெரும்பாலும் வினைல் சுருளையே விரித்துக் காட்டுகிறார்கள். வினைல் பிளாஸ்டிக்கினால் ஆனது. 1860களில் இங்கிலாந்தின் ஃபிரடெரிக் வால்ட்டன் உருவாக்கிய லினோலியமோ, இறுகிய ஆளிவிதை எண்ணெயுடன் மரப்பிசின், தக்கைத்தூள், மரத்தூள் ஆகியவற்றைக் கலந்து சணல் துணிமேல் அழுத்திச் செய்யப்படுவது. சுருளின் பின்புறத்தைப் புரட்டிச் சணல் இழை தெரிகிறதா என்று பாருங்கள்.

எங்கள் வீட்டில் இக்கேள்வி எழுந்தது அம்மாவின் பொருட்டு. அவர் பல்லாண்டுகளாகச் சிவப்பு மெழுகிட்டுப் பொச்சுமட்டையால் தேய்த்து மினுக்கிய சீமெந்துத் தரையே இப்போது அவரது காலை வழுக்குகிறது. முதுமையில் ஒரு வீழ்ச்சி என்ன செய்யும் என்பதை உங்களிற் பலர் அறிவீர்கள். குளியலறையை ஒட்டிய, அடிக்கடி ஈரம்படும் அறையாதலால், சொரசொரப்பான வினைலையே தெரிவு செய்தேன். பசை பிடிப்பதற்காக அந்த மெழுகைச் சுரண்டி அகற்றியபோது அம்மா ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

உலர்ந்த அறைக்கு உண்மையான லினோலியம் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். நன்கு பேணினால் பல பத்தாண்டுகள் உழைக்கும். அமோனியாவும் சலவைச் சோடாவும் அதனைக் கெடுக்கும். மென்மையான சவர்க்கார நீரில் நனைத்து, இறுகப் பிழிந்த துணியால் துடைத்தாற் போதும். வினைல் நீரைத் தாங்கும். ஆயினும் அதன்மேல் ரப்பர் மிதியடி இட்டால் நீங்காத கறை படியும். எதுவாயினும் ஓரங்களை நன்கு ஒட்டிவிடுங்கள். கிளம்பிய ஓரம் முதியவர் காலைத் தடுக்கும்.