சமத்துப் பிள்ளை

கொஞ்சம் நீளமான பதிவு. கணக்கு டீச்சர் பேச ஆரம்பித்தால் மணி அடித்தால்தான் நிறுத்துவாள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

போன வாரம் லஸ் பக்கம் என் பி.பி. மாத்திரை வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பையன். ஏழாவது படிப்பான் போல. "அண்ணா, மெட்ஃபார்மின் ஐந்நூறு, பத்து. பெரியவங்க டயப்பர் லார்ஜ், லூஸ்ல ரெண்டு" என்றான். கையில் சீட்டு கிடையாது. எல்லாம் மனப்பாடம்.

"தாத்தாவுக்கு முதுகுப் புண்ணு எப்படிடா இருக்கு?" என்று கேட்டார் கடைக்காரர்.

"காஞ்சிட்டு வருதுண்ணா. ராத்திரி ரெண்டு தடவ திருப்பிப் படுக்க வச்சேன்."

அவன் போனதும் கடைக்காரர் என்னைப் பார்த்து, "அம்மா ரங்கநாதன் தெருவுல துணிக்கடையில வேலை, வர பத்தாயிடும். எல்லாம் இவன்தான். சமத்துப் பிள்ளைம்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அதே வார்த்தையை நான் ஒரு தடவை மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததை இன்று எழுதிவிடுகிறேன்.

2003ஆம் வருஷம். ஏரிகளெல்லாம் வறண்டு, சென்னையே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற சமயம். எட்டாம் வகுப்பில் ஒரு பெண். பெயர் சொல்ல மாட்டேன். அவள் செட்டில் படித்தவர்களுக்கு யாரென்று புரிந்தாலும் கமெண்டில் எழுத வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் லேட். கேட்டால், "லாரி லேட்டு டீச்சர்." "எல்லார் வீட்டுக்கும்தான் லாரி வருது" என்று மாடிப்படி பக்கத்தில் நிற்க வைப்பேன். டைரியில் எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னேன். மறுநாளே கையெழுத்து வந்தது. பார்த்தால் அவள் கையெழுத்து! எனக்கு வந்த கோபத்தில் சனிக்கிழமை அவள் வீட்டுக்கே போய்விட்டேன், புகார் சொல்ல.

கால்வாய் ஓரம், ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ஒரே அறை. அவள் அம்மா பாயில் படுத்திருந்தார். பக்கவாதம் வந்து ஏழு மாதம், வலது பக்கம் முழுக்க வரவில்லை. டீச்சர் வந்திருக்கிறேனே என்று எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. இந்தப் பெண் சட்டென்று பின்னால் போய், தன் முழங்காலை அம்மா முதுகுக்கு முட்டுக் கொடுத்து, ஒரே தூக்கில் உட்கார வைத்தாள். பழகின கை. பதிமூன்று வயது. அப்பா லாரியில் கிளீனர், போனால் பத்து நாள் ஆகும் வர. தம்பி ஒண்ணாவது. காலையில் நாலரைக்கு எழுந்து அம்மாவுக்கு எல்லாம் எடுத்துப் போட்டு, துடைத்து, துணி அலசி, தண்ணி பிடித்து, சமைத்து, ஊட்டி, தம்பியைக் கொண்டுவிட்டு, அப்புறம்தான் என் வகுப்பு. அப்பா ஊரில் இல்லை, அம்மாவுக்கு வலது கை வராது. டைரியில் வேறு யார் கையெழுத்துப் போடுவது?

புகாரை முழுங்கிவிட்டுத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்னும் உறுத்துகிறது. ஆண்டு விழாவில் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, ஒரு திருக்குறள் புத்தகமும் டிபன் பாக்ஸும் கொடுத்து, "இந்தச் சமத்துப் பெண்ணைப் பார்த்து எல்லாரும் கத்துக்கணும்" என்று பேசினேன். கைதட்டல். எனக்கே கண் கலங்கியது. லேட்டாக வந்தால் திட்டுவதை நிறுத்தினேன். அவ்வப்போது "எல்லாம் சரியா இருக்காம்மா?" என்று கேட்பேன். "இருக்கு டீச்சர்" என்பாள். நானும் நிம்மதியாகப் போய்விடுவேன். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்கு அவள் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

2019இல் அடையாறில் ஒரு சிநேகிதியின் மாமியாரைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்தது அவள்! ஏஜென்சி மூலமாகப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள வருகிறாள், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். பால்கனியில் நின்று பேசினோம். அம்மா இறந்து வருஷமாகிவிட்டது. தம்பி டிப்ளமோ முடித்து வேலையில் இருக்கிறான். "இங்க ஒரு மாசம் டிரெய்னிங் குடுத்தாங்க டீச்சர். கையில கிளவுஸ் போடணும்னே அப்பதான் தெரியும். இப்ப சம்பளம் வாங்கிட்டுப் பண்றேன். அப்ப பண்ணினதுக்குப் பேரே இல்ல" என்று சிரித்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். சொன்னா தம்பிய ஹாஸ்டல்ல போட்டுடுவாங்களோன்னு பயம். அப்புறம் நீங்க மேடையில அப்படிச் சொல்லிட்டீங்களா... முடியலன்னு சொல்ல வாய் வரல டீச்சர்."

குத்திக் காட்டுகிற குரல் இல்லை. சும்மா நடந்ததைச் சொல்கிற குரல். எனக்குத்தான் காபி இறங்கவில்லை.

மறு வருஷமே ஊரடங்கு. ஜோதி குமாரியை நினைவிருக்கிறதா? பதினைந்து வயதுப் பெண், 2020 மே மாதத்தில், அடிபட்ட அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து குருகிராமிலிருந்து பீகார் தர்பங்காவுக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தாள். அமெரிக்காவிலிருந்து இவாங்கா டிரம்ப் வரைக்கும் பாராட்டினார்கள். நம் வாட்ஸ்அப் குரூப்பிலும் பூங்கொத்துப் படங்கள் குவிந்தன. தேசமே சேர்ந்து சமத்து என்று சொன்னது. ஒரு குழந்தை ஏன் அதைச் செய்ய வேண்டி வந்தது என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அடுத்த மே மாதமே அந்த அப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

இங்கிலாந்தில் இந்தப் பிள்ளைகளுக்கு 'யங் கேரர்' என்று ஒரு பெயர் உண்டு. 2011 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 5 முதல் 17 வயதுக்குள் சுமார் 1,78,000 பேர். 2014இல் சட்டமே போட்டார்கள், அந்தப் பிள்ளைக்கு என்ன உதவி வேண்டும் என்று உள்ளாட்சி அமைப்பு விசாரித்தாக வேண்டும் என்று. அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் பெயர் இருந்தால்தானே எண்ண முடியும். நம் வருகைப் பதிவேட்டில் வந்தாள், வரவில்லை, இரண்டுதான்.

நம் ஊரிலும் இப்போது சில வசதிகள் வந்திருக்கின்றன. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பி.பி. மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் உண்டு. 2025 செப்டம்பரில் அன்புக் கரங்கள் வந்தது. பெற்றோர் இருவரையும் இழந்த, அல்லது ஒருவரை இழந்து மற்றவரால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். நல்ல திட்டம். ஆனால் என் மாணவிக்கு அம்மாவும் அப்பாவும் இருந்தார்களே! ஒருவர் பாயில், ஒருவர் லாரியில். அந்த மாதிரி வீட்டுப் பிள்ளை எந்தக் கட்டத்தில் வரும்?

உறவுகள் கோபித்துக்கொள்ளக் கூடாது, நம் வீட்டிலும் ஒன்று உண்டு. 1962இல் அம்மாவுக்குக் காச நோய் வந்தபோது பெரியக்காவுக்குப் பதிமூன்று, எனக்கு எட்டு. அக்கா பள்ளியை விட்டாள், நான் போனேன். சாயங்காலம் என் கணக்கு நோட்டை வாங்கி, அடுப்படியில் உட்கார்ந்து, என் வீட்டுப்பாடத்தைக் கரித்துண்டால் தரையில் போட்டுப் பார்ப்பாள். பெரும்பாலும் விடை சரியாக இருக்கும். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் "பெரியக்கா மாதிரி வருமா" என்று அறுபது வருஷம் சொன்னோம். ஒருவர்கூட அவளிடம் "உனக்குப் படிக்க ஆசை இருந்ததா" என்று கேட்டதில்லை. கணக்கு டீச்சரான நானும் கேட்கவில்லை. இனிமேல் கேட்கவும் முடியாது.

என்னிடம் படித்து இன்று ஆசிரியர்களாக இருக்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று. லேட்டாக வருகிற பிள்ளையிடம் "ஏன் லேட்" என்று கேட்டால் லாரி, பஸ் என்றுதான் பதில் வரும். தனியாகக் கூப்பிட்டு, "காலையில எழுந்ததுலேர்ந்து என்னென்ன பண்ணினே, வரிசையாச் சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். மேடைக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.

மருந்துக் கடைக்கு மறுபடி போய், அந்தப் பையனின் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி என் நம்பரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாத்திரையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பதையாவது சொல்லலாம். சாயங்காலம் இரண்டு மணி நேரம் தாத்தா பக்கத்தில் நான் உட்காரலாம், எனக்கென்ன வேலை. இன்னும் போன் வரவில்லை.

இதைப் போடுவதற்கு முன் அடையாறு பெண்ணுக்கு அனுப்பி அனுமதி கேட்டேன். ஷிஃப்ட் முடிந்து ராத்திரி வாய்ஸ் மெசேஜ் வந்தது: "போடுங்க டீச்சர். ஆனா அம்மாவ நான் பாரமா நெனச்சேன்னு மட்டும் வராம பாத்துக்குங்க. அப்படி நெனச்சதே இல்ல. தூக்கம்தான் வந்துது."