ஒரு பல்லாங்குழி என்ன விலை?

கைவினைக் கண்காட்சிக்கு வருகிற ஜனங்களில் நாலு ரகம் உண்டு.

முதல் ரகம், தடவுகிறவர்கள். மேஜை மேல் இருக்கும் ஒவ்வொரு சாமானையும் கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி வாஞ்சையோடு தடவிவிட்டு, விலையைக் கேட்காமலே அடுத்த ஸ்டாலுக்குப் போய்விடுவார்கள். இரண்டாவது ரகம், "இதை நாமே பண்ணிடலாம்டி" ரகம். பெரும்பாலும் கணவன்மார்கள். வீட்டில் ஒரு ஆணி அடிக்க எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறவர்கள்தான் இந்த வசனத்தை அதிகம் பேசுகிறார்கள். மூன்றாவது ரகம், போனை எடுத்து நம் கண்ணெதிரிலேயே இணையத்தில் அதே பொருளைத் தேடி, "இங்கே 399 ரூபாதான் போட்டிருக்கான்" என்று காட்டுகிறவர்கள். படத்தில் இருப்பது பிளாஸ்டிக்காக இருக்கும். நாலாவது ரகம்தான் வாங்குகிறவர்கள். இவர்கள் அதிகம் பேச மாட்டார்கள். திடீரென்று வந்து, எடுத்து, ஸ்கேன் பண்ணி, போய்க்கொண்டே இருப்பார்கள்.

இந்த ஞானமெல்லாம் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் வரும். சென்ற நவராத்திரிக்கு இரண்டு வாரம் முன்னால், மயிலாப்பூர் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், சனி, ஞாயிறு இரண்டு நாள் உட்கார்ந்தேன். பல்லாங்குழி, சிக்குப்பலகை, நடைவண்டி, மரக்கரண்டி என்று சொந்தக் கையால் செய்தவற்றை முதல் முறையாக விலைக்கு வைத்தேன்.

'பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருக்கிற ஆசாமிக்கு உளி எங்கிருந்து வந்தது?' என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். 2020 ஊரடங்கில் ஊரே டால்கோனா காபி கலக்கிக்கொண்டிருந்தபோது, நான் அடுத்த தெரு ஆசாரி வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். அவருக்கு அறுபத்தெட்டு வயது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இளவயதில் பட்டணம் வந்தவர். எங்கள் பேட்டையில் பழைய வீடுகளின் நிலை, கதவு, ஜன்னல் பாதி அவர் கை வேலை. ரெடிமேட் கதவும் பிளைவுட் அலமாரியும் வந்த பிறகு, கீல் மாற்ற, மழைக்கு ஊறிய கதவைச் சீவ என்று கூப்பிட்டால்தான் உண்டு. பையன் கார் ஓட்டுகிறான். உளி பக்கம் வரவே இல்லை.

முதல் மூன்று மாதம் உளி தீட்ட மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார். "மழுங்கின உளிதான் தம்பி கையை வெட்டும். கூர் உளி மரத்தை மட்டும்தான் வெட்டும்" என்பார். அமுக்கித் தள்ள வேண்டியிருந்தால்தானே வழுக்கும்! இந்த ஒரு வரியை வைத்து நாலு கட்டுரை எழுதிப் பிழைத்திருக்கிறேன்.

போன ஆடி மாதம் ஒருநாள், கருவிப்பெட்டியைத் துடைத்துக்கொண்டே, "இதைப் பழைய இரும்புக்காரன்கிட்ட எடைக்குப் போட்டுடலாம்னு இருக்கேன் தம்பி" என்றார். இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், பதினாலு உளி. எல்லாம் ஐம்பது வருஷச் சொத்து. கிலோ கணக்கில்! எனக்குத் தொண்டை அடைத்தது. "ஒரு தடவை கண்காட்சியில வெச்சுப் பார்த்துட்டு அப்புறம் போடுங்க ஐயா" என்றேன். அப்படித்தான் ஸ்டால் எண் 23 எங்களுக்கு வாய்த்தது.

மரம் வாங்கப் பழைய வீடு இடிக்கிற இடமாகப் பார்த்துப் போனோம். அந்தக் காலத்து வீடுகளில் பர்மா தேக்குக் கதவுகள் கிடைக்கும். பச்சை மரம் காயும்போது நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது. குறுக்குவாக்கில்தான் சுருங்கும், வளையும், வெடிக்கும். பல தலைமுறை வெயிலும் மழையும் பார்த்துவிட்ட கதவுப் பலகை அந்த ஆட்டத்தையெல்லாம் பெரும்பாலும் ஆடி முடித்திருக்கும். "மாமியார் வீட்டுல முப்பது வருஷம் இருந்த மருமக மாதிரி. இனிமே எதுக்கும் அசையாது" என்று ஆசாரி விளக்கினார். என் மனைவி அப்போது பக்கத்தில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

இருவருமாகச் சேர்ந்து பத்துப் பல்லாங்குழி, பன்னிரண்டு சிக்குப்பலகை, நாலு நடைவண்டி, முப்பது கரண்டி செய்தோம். சிக்குப்பலகை தெரியுமல்லவா? புத்தகம் வைத்துப் படிக்கிற பலகை. ஆணி, கீல் எதுவும் இல்லாமல் ஒரே பலகையை நடுவில் கோத்து அறுத்து, கத்திரி மாதிரி விரிய வைப்பது. வந்தவர்களில் பாதிப் பேர் அதை விரித்து மூடி, விரித்து மூடி, "எங்கே ஒட்டியிருக்கு?" என்று தேடிக்கொண்டே இருந்தார்கள்.

விலை வைப்பதில்தான் எங்களுக்குள் பெரிய யுத்தம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் நான் வாங்கிய மார்க்கை இப்போது சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் தாளை எடுத்துக் கோடு போட்டேன். ஒரு பல்லாங்குழிக்கு மரமும் சோழியும் 700 ரூபாய். ஒன்பது மணி நேர வேலை. ஆசாரியின் நாள்கூலி ஆயிரம் என்றால் மணிக்கு 125. கூலி மட்டும் 1,125. அப்புறம் ஸ்டால் வாடகை, வண்டி, லாபம்... 2,400 என்று வந்தது.

ஆசாரி தாளை எட்டி நின்று பார்த்தார். "எண்ணூறு போடுங்க தம்பி. சும்மா உக்காந்திருந்த நேரத்துக்கெல்லாமா கூலி கேக்கறது?"

"சும்மா உட்காரலியே ஐயா, பதினாலு குழி தோண்டியிருக்கோமே!"

"ரெண்டாயிரம் குடுத்து எவன் வாங்குவான்?"

கடைசியில் 1,800-க்கு ராஜியானோம். அதையும் அட்டையில் எழுதும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், யார் வீட்டிலோ திருடுகிற மாதிரி.

சனிக்கிழமை காலை கூட்டம் வந்தது. முதல் கேள்வி: "இது சென்னப்பட்டணா பொம்மையா?" மரத்தில் எதைப் பார்த்தாலும் ஜனங்களுக்குச் சென்னப்பட்டணாதான். கர்நாடகத்துக்காரர்கள் வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுற்றவிட்டு, அரக்கு வண்ணம் ஏற்றிப் பளபளவென்று செய்வது அது. ஆந்திராவில் கொண்டபள்ளி பொம்மை. பொணிகி என்ற லேசான மரத்தில் செதுக்குவது. நம் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பமும் 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. இவ்வளவையும் ஒரு மாமியிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். "அப்போ இது எந்த ஊர்?" என்றார். "வேளச்சேரி மாமி" என்றேன். கீழே வைத்துவிட்டார்.

இன்னொரு அம்மா, "செம்மரத்துல மரப்பாச்சி பண்ணித் தருவீங்களா? எங்க பாட்டி கல்யாணத்துக்குக் குடுத்தது செம்மரம்" என்று கேட்டார். வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த ஆசாரி அப்போதுதான் முதல் முறையாகப் பேசினார்: "இப்போ செம்மரத்தைத் தொட்டா ஆந்திராவுக்குப் போகணும்மா. மரம் வாங்க இல்ல, ஜாமீன் வாங்க!"

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். விஷயம் என்னவோ சிரிப்பில்லை. செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில்தான் இயற்கையாக வளர்கிறது. சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் பட்டியலில் அதை 1995-லேயே சேர்த்துவிட்டார்கள். சிரித்து முடித்ததும் அவர் ஒரு பல்லாங்குழியைப் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டார். அன்றைய முதல் பெரிய விற்பனை. ஆசாரி அந்த 1,800-ஐ என் போன் திரையில் இரண்டு தடவை பார்த்தார்.

மத்தியானம் ஒன்பது பத்து வயதுப் பெண் ஒருத்தி வந்து, "இதை எப்படி விளையாடணும் தாத்தா?" என்றாள். தாத்தா சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். குழிக்கு 5 சோழி, 14 குழிக்கு 70. நாலு சேர்ந்தால் 'பசு' என்று அள்ளிக்கொள்ள வேண்டும். அந்தப் பெண் இரண்டே ஆட்டத்தில் அவரைத் தோற்கடித்தாள். சுற்றி நின்ற கூட்டத்தில் மூன்று பேர் பல்லாங்குழி வாங்கினார்கள். அந்தப் பெண்ணின் அப்பா, "பிளாட்ல வைக்க இடமில்லை" என்று ஒரு கரண்டி வாங்கினார்.

இனி கணக்கு. மரம், சோழி 14,000. ஸ்டால் வாடகை 5,000. வண்டிச் சத்தம் 1,200. மேஜைத்துணி, பை, டீ வகையறா 1,800. ஆகச் செலவு 22,000.

விற்றது: பல்லாங்குழி 6, சிக்குப்பலகை 7, நடைவண்டி 1, கரண்டி 26. ஆக வரவு 23,200. கையில் நின்றது 1,200 ரூபாய். விற்காமல் மிஞ்சிய சரக்கை மரத்தின் அடக்க விலைக்கே எடுத்துக்கொண்டால் இன்னும் ஒரு 6,200. மொத்தம் 7,400. நாங்கள் இருவரும் உழைத்தது 220 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 33 ரூபாய் 60 காசு. மண்டப வாசலில் ஒரு இளநீர்கூட அதற்குக் கிடைக்காது.

போகட்டும், எல்லாமே விற்றிருந்தால்? 42,100 வந்திருக்கும். ஆசாரியின் கூலிக் கணக்கில் பார்த்தால் 220 மணிக்கு 27,500. செலவோடு சேர்த்து அடக்கம் 49,500. ஒரு கரண்டி மிச்சமில்லாமல் விற்றாலும் 7,400 நஷ்டம்! 'கைவேலை அழிகிறதே' என்று மேடையில் வருத்தப்படுகிறவர்கள் இந்தக் கழித்தலை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். வாங்குகிறவருக்கு விலை அதிகம், செய்கிறவருக்குக் கூலி குறைவு, இரண்டும் ஒரே பொருளில்!

ஆனால் கணக்கில் சேராத ஒன்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது. செம்மரம் கேட்ட அந்த அம்மா மறுபடி வந்தார். கையில் பழம்புடவையில் சுற்றிய மூட்டை. உள்ளே பாட்டி காலத்துப் பல்லாங்குழி. நடுவில் நீளமாக ஒரு வெடிப்பு. "நேத்து இவர் பேசினதைக் கேட்டதும் பரண்ல இருந்து எடுத்தேன். ஒட்ட முடியுமா?"

ஆசாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தை நகத்தால் கீறி மோந்தார். "பலா. வீணை, மிருதங்கம் பண்ற மரம். பசை போட்டு ஒட்டினா அடுத்த கோடையில பிரிஞ்சுடும்மா. உடுக்கை மாதிரி இடுப்புச் சிறுத்த சின்னத் துண்டா மூணு வெட்டி, வெடிப்புக்குக் குறுக்கே பதிக்கணும். அப்போதான் அது பிடிச்சு நிறுத்தும்" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: "ஆயிரத்தைந்நூறு ஆகும். ரெண்டு வாரம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புதுப் பல்லாங்குழிக்கே எண்ணூறு போதும் என்ற மனுஷர்! அந்த அம்மா 500 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுப் போகிறவரைப் போலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

வண்டியில் வரும்போது கேட்டேன். "எப்படி ஐயா மளமளன்னு அந்த விலை சொன்னீங்க?"

"புதுசு பண்றது நம்ம இஷ்டம் தம்பி. கெட்டுப்போனா வேற பலகை எடுத்துக்கலாம். இது அவங்க பாட்டியோடது. கை தவறினா வேற எடுக்க முடியாது. அந்தப் பயத்துக்குத்தான் காசு."

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் 'பயம்' என்று ஒரு தலைப்பு இல்லை. கூலியை மணிக்கணக்கில் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். ஐம்பது வருஷம் பழகிய கை, தப்பு செய்யாமல் இருப்பதற்கு என்ன விலை என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுநாள் காலை ஆசாரி வீட்டுப் பையன் வந்து கதவைத் தட்டினான். "அப்பா தீட்டுக்கல் வேணும்னாரு சார். பழசு நடுவுல குழிஞ்சு போச்சாம். பாரிமுனைப் பக்கம் போனா நல்லதாப் பார்த்து வாங்கியாரச் சொன்னாரு." எடைக்குப் போகவிருந்த பெட்டிக்குப் புதுத் தீட்டுக்கல்!

கல் 320 ரூபாய் ஆயிற்று. அதை அன்றாடச் செலவில் எழுதுவதா, மூலதனத்தில் எழுதுவதா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். பல வருஷம் உழைக்கப்போவதை மூலதனத்தில்தான் எழுத வேண்டும் என்பது விதி.

மூலதனத்திலேயே எழுதிவிட்டேன்.