கண்ணுக்குள் ஒளிந்த லென்ஸ்



போன மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். என் பெரியப்பா மகள் அக்கா சின்ன வயதிலிருந்தே கண்ணாடி போடுவாள். நிச்சயதார்த்தத்துக்குக் கண்ணாடி வேண்டாம் என்று பெரியம்மா சொன்னதால், காண்டாக்ட் லென்ஸ் வாங்கிப் போட்டாள். அன்று இரவு அசதியில் கழற்றாமலே தூங்கிவிட்டாள். விடிந்து பார்த்தால் வலது கண்ணில் லென்ஸைக் காணோம்! பாய், தலையணை, கூட்டின குப்பை எல்லாம் தேடினோம். “எங்கயாவது விழுந்திருக்கும். யார்கிட்டயும் சொல்லாதடி, திட்டுவாங்க” என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் கண் கோவைப்பழம் மாதிரி சிவந்துவிட்டது. சூடுதான் காரணம் என்று அப்பத்தா விளக்கெண்ணெய் விட வந்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. சத்தியத்தை மறந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மஞ்சள் சொட்டு விட்டு, மேல் இமையைத் திருப்பினார். லென்ஸ் மடங்கி உள்ளே ஒட்டியிருந்தது! “மூளைக்குப் போயிடுமா டாக்டர்?” என்று கேட்டேன். சிரித்தார். “இமைக்கு உள்பக்கமும் வெள்ளை விழி மேலயும் ஒரே சவ்வுதான் இருக்கு. அது பை மாதிரி மடிஞ்சிருக்கும், பின்னால போக வழி கிடையாது. ஆனா அந்த மடிப்புல தங்கிப் புண்ணாக்கும். லென்ஸோட தூங்கவே கூடாது” என்றார்.

இதை அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். அவர் ஓர் உண்மைச் செய்தி சொன்னார். பிரிட்டனில் ஒரு பெண்ணுக்கு 14 வயதில் இறகுப்பந்து கண்ணில் பட்டதாம். லென்ஸ் கீழே விழுந்துவிட்டது என்று விட்டுவிட்டார்கள். 28 வருடம் கழித்து, 42 வயதில், இமையில் இருந்த கட்டியை அறுத்தபோது அதே லென்ஸ் உள்ளே இருந்ததாம்! 2018-ல் மருத்துவ இதழில் இது வெளிவந்தது.

எனக்கும் 14 வயதுதான். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. ஏனென்றால் நானும் ஒன்றை ஒளித்து வைத்திருந்தேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தால் எனக்குக் கரும்பலகை மங்கலாகத்தான் தெரியும். ‘சோடாபுட்டி’ என்று கேலி செய்வார்களே என்று, பக்கத்தில் இருப்பவள் நோட்டைப் பார்த்தே எழுதி வந்தேன். அக்கா விஷயத்தைச் சொன்ன நான் என் விஷயத்தைச் சொல்லவில்லையே! காலையில் முதல் வேலையாக அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அவளே கடைக்கு வந்து எனக்கு ஃபிரேம் எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது நம் பள்ளி வேப்பமரத்தில் இலை தனித்தனியாகத் தெரிகிறது. சோடாபுட்டி என்று கூப்பிடுகிறவர்கள் கூப்பிடுங்கள். கூப்பிடுவது யார் என்று கடைசி பெஞ்சு வரைக்கும் எனக்கு நன்றாகத் தெரியும்!

— 9-ஆம் வகுப்பு மாணவி