கம்பளத்துக்கு அடியில் இருந்த வழக்கு

லூமுட்டில் கூரை திறக்கும் கார் வாங்க நினைப்பவர் விலை பேசுவதற்கு முன்னால் கடற்காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். கடற்படைத் தளம், பங்கோர் படகுத்துறை, தெலுக் பாத்திக் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்புக் காற்றுதான். இரும்பு இங்கே சீக்கிரம் கிழடாகிவிடும். ஆனால் நான் சொல்லப்போகும் காரை லூமுட் காற்று கெடுக்கவில்லை. ஈப்போவில் ஒரு பழைய கார் கடையில் பளபளவென்று நின்றபோதே அதன் அடிப்பாகம் போயிருந்தது.

2016-இல் என்னிடம் வந்தவர் கடற்படையில் எந்திரப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆயர் தாவார் பக்கத்து ரப்பர்த் தோட்ட லயத்தில் பிறந்தவர். பிள்ளைகளுக்கு எடுத்து வைத்தது போக அவர் கையில் நின்றது 28,000 ரிங்கிட். "உடம்பு நல்லா இருக்கும்போதே ஓப்பன் டாப் காடி ஒண்ணு ஓட்டிப் பாத்துடணும்னு ஆசை, லாயரம்மா" என்றார். உழைத்த மனிதனின் ஆசைக்குக் காரணம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

அந்த விலைக்குக் கிடைக்கும் திறந்த கார்கள் எல்லாம் வயதானவை. வயதான காருக்கு வங்கி சுலபத்தில் கடன் தராது. அதனால்தான் பலர் 'சம்போங் பாயார்' பக்கம் போகிறார்கள். கடன் ஒருவர் பெயரில் இருக்கும். மாதத் தவணையைக் காரை ஓட்டுபவர் அவரிடம் கட்டுவார். வாங்கிய பணத்தை அந்த ஆள் வங்கியில் கட்டாமல் விட்டால் ஒருநாள் காரை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இப்படி மாட்டிக்கொண்ட தோட்டத்துப் பிள்ளைகள் என் அலுவலகப் படியேறும்போதெல்லாம் வயிறு எரியும். என் கட்சிக்காரர் அந்த வழிக்குப் போகவில்லை. அந்த ஈப்போ கடையில் 28,000-ஐயும் ரொக்கமாகக் கட்டினார், ரசீது வாங்கினார், புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை நிலையத்தில் பி5 பரிசோதனை முடித்தார், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் கிராண்டை, அதாவது பதிவுச் சான்றிதழை, தன் பெயருக்கு மாற்றினார். வாங்குபவன் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. நல்ல மழையில் கூரை பாதியில் நின்றுவிட்டது. பின்பெட்டியில் தண்ணீர். சித்தியவானில் கார் பழுதுபார்க்கும் தெரிந்த போமேனிடம் கொண்டுபோனார். அவர் ஓட்டுநர் இருக்கையைக் கழற்றிக் கம்பளத்தைத் தூக்கினார். அடியிலிருந்த பஞ்சு நனைந்து ஊறிக் கிடந்தது. அதற்குக் கீழே தகரம் எங்கும் புதிதாகப் பூசிய கறுப்புத் தார். போமேன் கதவுக்குக் கீழே ஓடும் விளிம்புச் சட்டத்தில் ஸ்குரூடிரைவரை வைத்து லேசாக அழுத்த, அது கைப்பிடிவரை உள்ளே போனது. அந்தப் படம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது.

கூரை மாட்டிக்கொண்டது சின்ன விஷயம். திறந்த காருக்கு நிலையான கூரை இல்லாததால், மூடி எடுத்த சப்பாத்துப் பெட்டிபோல முறுக்கினால் வளையும். அந்த முறுக்கைத் தாங்குவது தரையும் கதவடிச் சட்டங்களும்தான். அவை துருவில் கரைந்திருந்தால் மோதலில் உள்ளே இருப்பவர் உயிருக்கே உத்தரவாதம் கிடையாது. பி5 தாள் பெயர் மாற்றத்துக்கானது. காரின் ஆயுளுக்கு அத்தாட்சி அல்ல. அதைக் காட்டி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

எந்தச் சட்டத்தை எடுப்பது என்பதில்தான் வழக்கு நின்றது. 1957 பொருள் விற்பனைச் சட்டத்தின்படி, வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பற்றிப் பிறகு கேட்க முடியாது. என் கட்சிக்காரரோ கப்பலில் துரு சுரண்டி வாழ்ந்தவர். கடையில் குனிந்து காருக்கு அடியிலும் பார்த்திருக்கிறார். அந்தச் சட்டத்தைப் பிடித்திருந்தால் அவருடைய அனுபவமே அவருக்கு எதிர்ச்சாட்சி ஆகியிருக்கும். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வேறு மாதிரி கேட்கிறது. மறைந்த குறைகள் உட்பட எல்லாம் முழுதாகத் தெரிந்த ஒரு நியாயமான பயனீட்டாளர் இந்த விலைக்கு இந்தப் பொருளை ஏற்பாரா? விற்பவர் குறையைக் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தால் மட்டுமே அந்தக் குறைக்கு அவர் பொறுப்பில்லை. ஏழை எளியவர்களுக்காக நம் நாடாளுமன்றம் செய்த நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று என்று நான் மனமார நம்புகிறேன்.

அடுத்த கேள்வி, எங்கே போவது? மஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போனால் 28,000 முழுவதையும் கேட்கலாம். ஆனால் என் கட்டணம், நிபுணர் கட்டணம், தள்ளிவைப்புகள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் கட்டணம் 5 ரிங்கிட். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது. அப்போது அதன் உச்சவரம்பும் 25,000தான். கோரிக்கையை இரண்டாகப் பிரித்துப் போடவும் முடியாது. மீதியை விட்டுக்கொடுக்க வேண்டும்.

"அண்ணே, என்னை வைக்காதீங்க. மூவாயிரத்தை விட்டுட்டு நீங்களே போய்ப் பேசுங்க" என்றேன்.

அவர் நெடுநேரம் யோசித்தார். "எனக்கு மேடையில பேசி பழக்கம் இல்லையே" என்றார்.

"மேடை இல்லண்ணே. நடந்ததைச் சொல்லணும், அவ்வளவுதான்."

முதலில் காரை ஓட்டுவதை நிறுத்தச் சொன்னேன். நியாயமான காலத்துக்குள் நிராகரிக்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடும். நிராகரிப்புக் கடிதம், போமேன் எழுதிக் கொடுத்த அறிக்கை, படங்கள், "டிப்டாப் கண்டிஷன்" என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரம், கடையின் சாப் குத்திய ரசீது ஆகியவற்றைத் தேதி வாரியாக ஒரே கோப்பில் அடுக்கினோம்.

தீர்ப்பாயம் ஈப்போவில் கூடியது. விசாரணையைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்பதால் நான் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். எதிரில் ஒருவர் தப்பாகச் சட்டம் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது வழக்கறிஞருக்குப் பெரிய சோதனை. கடைக்காரர் தான் வெறும் புரோக்கர் என்றார். கிராண்டில் முன்னால் இருந்தவர் பெயர் வேறு என்றார். ஆனால் வணிகமாக இன்னொருவருக்கு முகவராக நின்று விற்பவரும் அந்தச் சட்டத்தின்படி வழங்குநரே. ரசீதில் 'உள்ளது உள்ளபடி' என்று அச்சிட்டிருந்ததைக் காட்டினார். சட்டம் தரும் உத்தரவாதத்தை அப்படி ஒரு வரியால் அழிக்க முடியாது. கடைசியாக, நான் எதிர்பார்த்த அஸ்திரம் வந்தது. இவர் கடற்படை எந்திரக்காரர், துரு இவருக்குத் தெரியாதா என்று கேட்டார்.

தீர்ப்பாயத் தலைவர் என் கட்சிக்காரரைப் பார்த்தார். அவர் மெதுவாக எழுந்து, சுத்தமான மலாயில், கப்பலில் துரு இருந்தால் சுரண்டி எடுத்த பிறகுதான் சாயம் பூசுவோம், துருவின் மேலேயே பூசினால் எங்களுக்குத் தண்டனை கிடைக்கும் என்றார். பிறகு ஸ்குரூடிரைவர் படத்தை மேசையில் வைத்தார். நான் எழுதிக் கொடுத்ததில் இந்தப் பதில் இல்லை.

தலைவர் கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். தரையில் துரு இருக்கிறது என்று விற்கும் முன் இவரிடம் சொன்னீர்களா? அவர் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கேள்வி மறுபடியும் வந்தது. இல்லை என்றார்.

சமரசம் பேச நேரம் கொடுத்தார்கள். கடைக்காரர் 8,000 தருவதாகவும் காரை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அந்தக் காரில் மனைவியை ஏற்ற மாட்டேன் என்று என் கட்சிக்காரர் மறுத்தார். தீர்ப்பு அன்றே வந்தது. காரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். 25,000 ரிங்கிட் 14 நாளுக்குள் கட்ட வேண்டும். கெடு தாண்டினால் அது குற்றவியல் வழக்காகிவிடும் என்பதால் பணம் தாமதமில்லாமல் வந்தது.

2019-இல் உச்சவரம்பை 50,000 ஆக உயர்த்தினார்கள். இப்போது வந்திருந்தால் அவர் அந்த மூவாயிரத்தை விட்டிருக்க வேண்டியதில்லை. பழைய கார் கேஸ் என்று யாராவது வந்தால், ரசீதைப் பார்க்கும் முன் கம்பளத்தைத் தூக்கிப் படம் எடுத்துவரச் சொல்லி அனுப்புகிறேன்.