தலைக்குள் ஒரு நீரோட்டம்

முதுமை வந்தால் நடை தளரும், நினைவு மங்கும் என்று ஏற்றுக்கொள்வது இல்லங்களில் வழக்கம். ஆயினும் அத்தகைய தளர்ச்சிகளுள் ஒன்று வயதால் மட்டும் வருவதன்று; தலைக்குள் ஓடும் நீர் தேங்குவதால் வருவது.

இறைவன் படைப்பில் மூளை தெளிந்த நீரில் மிதக்கிறது. வளர்ந்தவர் உடலில் அந்நீர் ஏறத்தாழ 150 மில்லி லிட்டர். நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி லிட்டர் புதிதாக ஊறுகிறது. அதே அளவு வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. வடிவது குன்றினால் மூளையின் உள்ளறைகள் விரிகின்றன.

பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். நாள்தோறும் கோயிலுக்குச் செல்பவர் திடீரென நிறுத்திக்கொண்டார். பக்தி குறைந்துவிட்டதோ என்று மகன் வருந்தினார். உண்மை வேறு. கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நகர மறுத்தன. வாசற்படி தாண்டத் தயங்கினார். சிறுநீரை அடக்க இயலாமல் வேட்டி நனைந்தது. சந்நிதியில் அவ்வாறு நேர்ந்துவிடுமோ என்ற அச்சத்தை மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை.

நடை, நினைவு, சிறுநீர்க் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் குன்றும் இந்நோயைக் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகர மருத்துவர் சாலமோன் ஹக்கீம் கண்டறிந்தார். 1965ஆம் ஆண்டு ரேமண்ட் ஆடம்ஸ் முதலியோருடன் இணைந்து அதனை உலகறிய எழுதினார். அறைகள் விரிந்திருந்தும் நீரின் அழுத்தம் இயல்பான அளவிலேயே காணப்படுவது இதன் வியப்பு.

அந்த நீரோட்டத்தை இன்று எம்.ஆர்.ஐ. கருவியால் காண முடிகிறது. ஊசியும் வேண்டியதில்லை, சாயமும் வேண்டியதில்லை. காந்தப் புலத்தில் அசையும் நீர், அசையாத தசையினின்று வேறுபட்ட குறிப்பைத் தருகிறது. அதனை நாடித்துடிப்போடு இணைத்துப் படமாக்கினால், மேலேறும் நீர் வெண்மையாகவும் கீழிறங்கும் நீர் கருமையாகவும் தோன்றுமாறு காட்டலாம். இதயம் சுருங்கி மூளைக்குக் குருதி பாயும்போது நீர் தண்டுவடத்தை நோக்கி இறங்குகிறது. இதயம் விரிகையில் மீள்கிறது. மூச்சை ஆழ்ந்து உள்ளிழுக்கையில் நீர் தலையை நோக்கி ஏறுவதையும் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர ஆய்வாளர்கள் 2015இல் கண்டனர்.

படம் மட்டும் முடிவு சொல்லிவிடாது. முதுகின் வழியே 30 முதல் 50 மில்லி லிட்டர் நீரை எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் நடையை ஒப்பிடுவர். நடை தேறினால், தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலடியில் மெல்லிய குழாய் பதித்து மிகுநீரை வடிப்பர். எல்லோருக்கும் ஒரே பலன் கிட்டுவதில்லை. பெரும்பாலும் நடையே முதலில் தேறும். நினைவு அவ்வளவு எளிதில் திரும்பாது. காலம் கடந்தால் பலனும் குறையும்.

அப்பெரியவருக்கும் அவ்வாறே. பழைய மாணவர் சிலரின் பெயர்கள் இன்னும் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் பிறர் கைபற்றாமல் பிரகாரத்தை வலம் வருகிறார்.

ஆகவே நடை குறுகி, மறதியும் சிறுநீர்த் தொல்லையும் சேர்ந்து வருமாயின், நரம்பியல் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுதல் நன்று. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும், உடலில் உலோகம் உள்ளவர்களும் பரிசோதனைக்கு முன்பே அதனைத் தெரிவிக்க வேண்டும். வீட்டிலுள்ள இளையோர், ‘கோயிலுக்கு வரவில்லை’ என்று ஒரு முதியவர் சொல்லும்போது, காரணத்தைப் பரிவோடு கேட்டறிவது அவர்தம் கடமை.