ஓர் எழுத்துப் பிழையில் பிறந்த பெயர்

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் எஸ்போசிட்டோ என்ற பெயரைப் பார்க்காமல் நான்கு தெருவைக் கடப்பது சிரமம். ரொட்டிக் கடைப் பலகையில் எஸ்போசிட்டோ. மோட்டார் சைக்கிள் பட்டறையில் எஸ்போசிட்டோ. பல் மருத்துவரின் பெயர்த்தகட்டிலும் அதே பெயர். அடுக்குமாடி வீட்டு வாசலில் அழைப்புமணிகளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பெயர்களை என் மகள் எண்ண ஆரம்பித்தாள். ஒரே கட்டடத்தில் மூன்று எஸ்போசிட்டோ!

“எல்லாரும் சொந்தக்காரங்களாப்பா?” என்று கேட்டாள்.

இல்லை. சொந்தம் யார் என்றே தெரியாமல் போனவர்களின் பெயர் அது. இத்தாலியில் மிகப் பரவலாக இருக்கும் குடும்பப் பெயர்களில் ஒன்றான எஸ்போசிட்டோ, லத்தீன் மொழியின் ‘எக்ஸ்போசிட்டுஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. பொருள்: வெளியே விடப்பட்டவன். பெற்றவர்கள் வளர்க்க முடியாமல் விட்டுச்சென்ற குழந்தைகளுக்கு இடப்பட்ட பெயர்.

அதே நகரில் இன்னொரு பெயரையும் நான் தேடிக்கொண்டிருந்தேன். அதுவும் அதே வாசலில் பிறந்த பெயர்தான். ஆனால் கடைப் பலகைகளில் அதைக் காணவில்லை. ஒரு தெருவின் பெயராகவும் அருங்காட்சியகச் சிற்பங்களின் அடியிலும் மட்டுமே என் கண்ணில் பட்டது. அந்தப் பெயர் ஜெமிட்டோ.

சுவரில் ஒரு துவாரம்

நேப்பிள்ஸ் மத்திய ரயில் நிலையத்திலிருந்து பழைய நகரை நோக்கி நடந்தால் ஃபொர்ச்செல்லா என்ற நெரிசலான பகுதி வரும். தலைக்கு மேல் துணிகள் காயும். பொரித்த பீட்சாவின் வாசனை வரும். ஸ்கூட்டர்கள் நம் முழங்காலை உரசுவதுபோல் போகும். அங்கேதான் அனுன்சியாத்தா தேவாலயம் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அறநிலையம் இது. 1757இல் தீப்பிடித்து அழிந்த தேவாலயத்தை வன்வித்தெல்லி என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரும் அவருடைய மகனும் மீண்டும் எழுப்பினார்கள். அதன் பெரிய குவிமாடத்தைவிட, பக்கவாட்டுச் சுவரில் இருக்கும் சின்னத் துவாரம்தான் பலரை இங்கே அழைத்து வருகிறது.

துவாரத்துக்கு உட்புறம் மரத்தாலான ஓர் உருளை. ஒரு பக்கம் மட்டும் திறந்த பீப்பாய் மாதிரி, அச்சில் சுழலும். வெளியே நிற்கும் தாய் குழந்தையை அதற்குள் வைத்துத் திருப்பிவிட்டு மணியடிப்பாள். உள்ளே இரவும் பகலும் காத்திருக்கும் பெண் குழந்தையை எடுத்துக்கொள்வாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வழியில்லை. யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

வந்த குழந்தையைக் குளிப்பாட்டி, ஞானஸ்நானம் செய்து, பதிவேட்டில் எழுதுவார்கள். வந்த நாள், நேரம், உடுத்தியிருந்த துணி, கூடவே இருந்த பொருள்கள். சில குழந்தைகளோடு ஒரு துண்டுக் காகிதமோ, புனிதர் படத்தில் கிழித்த பாதியோ வரும். மறு பாதி தாயிடம் இருக்கும். ஒருநாள் திரும்பி வந்தால் அடையாளம் காட்ட வேண்டுமே! மணமாகாத தாய்மார் மட்டும் இங்கே வந்தார்கள் என்றில்லை. முறையாக மணம் முடித்தும் இன்னொரு வாய்க்குச் சோறு போட வழியில்லாத பெற்றோரும் வந்தார்கள்.

“அந்த அம்மாங்க திரும்பி வந்தாங்களாப்பா?” என்று மகள் கேட்டாள். சிலர் வந்தார்கள், பலரால் வர முடியவில்லை என்றேன். அவள் மரச் சக்கரத்தின் விளிம்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் மனைவி அவளுடைய தோளில் கை வைத்து இழுத்து அணைத்துக்கொண்டார்.

நேப்பிள்ஸ் மக்கள் இந்தக் குழந்தைகளை மாதாவின் பிள்ளைகள் என்று அழைத்தார்கள். அன்பாகத்தான். ஆனால் பதிவேட்டில் ஏறிய பெயர் எஸ்போசிட்டோ. வளர்ந்து, தொழில் கற்று, மணம் முடித்து, பேரன் பேத்தி எடுத்தாலும் அந்தப் பெயர் கூடவே வந்தது. 1563இல் நிறைவடைந்த திரெந்து திருச்சங்கத்துக்குப் பிறகு, தேவாலயங்கள் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் முறையாகப் பதியத் தொடங்கியிருந்தன. அப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் தொழில் பெயரும் பட்டப்பெயரும் தலைமுறை தாண்டும் குடும்பப் பெயர்களாக நிலைபெற்றன. மற்றவர்களுக்கு அது வம்சத்தின் அடையாளம். எஸ்போசிட்டோ என்பவனுக்கு, வம்சம் இல்லை என்பதன் அடையாளம்.

மற்ற நகரங்களிலும் இதே கதைதான். ஃபுளோரன்ஸ் நகரில் ‘மாசற்றவர்கள்’ என்ற பெயர் கொண்ட இல்லத்தில் வளர்ந்தவர்கள் இன்னொச்செந்தி ஆனார்கள். மிலான் நகரில் மருத்துவமனையின் சின்னம் புறா என்பதால் அங்கே வளர்ந்தவர்கள் கொலம்போ ஆனார்கள். ரோம் நகரில் புரோயெத்தி, அதாவது எறியப்பட்டவர்கள். பெயரைக் கேட்டதுமே ‘ஓ, அங்கே இருந்தா?’ என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

நம் பாட்டிமார் காலத்துக் குப்பு, பிச்சை என்ற பெயர்கள் எனக்கு அங்கே நினைவுக்கு வந்தன. முன்னால் பிறந்தவை தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்தும், பிறரிடம் பிச்சையாகப் பெற்றதாகப் பாவித்தும் அப்படிப் பெயர் வைப்பார்கள். வேண்டாத பிள்ளை என்று எமனை ஏமாற்றி, பிள்ளையைக் கையில் வைத்துக்கொள்ளும் தந்திரம் அது. இங்கேயோ பிள்ளை கையை விட்டே போனது. பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் கதை தலைகீழ்.

தடை வந்தது, பிழையும் வந்தது

நெப்போலியனின் தங்கை கணவர் ஜோகிம் முரா 1808 முதல் 1815 வரை நேப்பிள்ஸின் அரசராக இருந்தார். 1814இல் அவருடைய ஆட்சியில் ஒரு தடை வந்தது: விடப்பட்ட குழந்தைகளுக்கு இனி எஸ்போசிட்டோ என்று பெயரிடக் கூடாது. பிறப்பின் கதையை வாழ்நாள் முழுவதும் நெற்றியில் ஒட்டிவைப்பது நியாயமில்லை என்பதுதான் அதன் உட்கருத்து.

நல்ல உத்தரவு. ஆனால் சக்கரம் நிற்கவில்லையே! குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரே பெயரை எல்லாருக்கும் எழுதிப் பழகிய எழுத்தர்கள், இப்போது ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெயரைக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. பழையது ஒரே பெயர், ஆயிரக்கணக்கான பேர். புதியவை ஆளுக்கு ஒரு பெயர். இத்தாலியின் அரிய குடும்பப் பெயர்கள் சிலவற்றின் வேர், ஒரு குமாஸ்தாவின் கற்பனையில் இருப்பது இப்படித்தான்.

1852 ஜூலை 17 அன்று அந்தச் சக்கரத்தில் ஓர் ஆண் குழந்தை வந்தது. பிறந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. வின்சென்சோ என்று பெயர் வைத்தார்கள். குடும்பப் பெயராக நினைத்தது ஜெனிட்டோ. பெற்றெடுக்கப்பட்டவன் என்று பொருள். யார் பெற்றது என்று தெரியாது; யாரோ பெற்றிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ஏட்டில் பதிந்தது ஜெமிட்டோ. ரோமன் எழுத்தில் ‘என்’னுக்கும் ‘எம்’முக்கும் இடையே ஒரு வளைவுதான் வித்தியாசம். அந்த ஒரு வளைவில் பொருள் மாறிவிட்டது. ஜெமிட்டோ என்றால் இத்தாலிய மொழியில் முனகல். வலியில் வருமே, அந்த முனகல்.

பிறப்புப் பத்திரத்தில் கிராணியார் எழுதியதே பெயராகிப்போன தாத்தாக்கள் நம் தோட்டப்புறங்களிலும் உண்டு. இரண்டு சகோதரர்களின் அடையாள அட்டையில் அப்பா பெயர் இரண்டு விதமாக இருக்கும் குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பேனா பிடித்தவனுக்கு அது ஒரு நொடி வேலை. சுமப்பவனுக்கு ஓர் ஆயுள்.

முனகல் என்ற பெயரில் ஒரு சிற்பி

சுமார் இரண்டு வாரத்தில் ஜூசெப்பினா பரத்தா என்ற பெண் அந்தக் குழந்தையைத் தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். ஏழைக் குடும்பம். பையன் தெருவில் வளர்ந்தான். ஒன்பது வயது வாக்கில் ஒரு சிற்பியின் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து களிமண்ணில் கை வைத்தான். பள்ளிக்கூடத்தில் கற்றதைவிடத் தெருவில் பார்த்ததைத்தான் அதிகம் செய்தான்: சீட்டாடும் சிறுவன், மீன் பிடிக்கும் சிறுவன், தண்ணீர் விற்கும் சிறுவன். எல்லாம் அவனைப் போன்ற பிள்ளைகள்.

‘சீட்டாடுபவன்’ சிலையைச் செய்தபோது அவருக்கு வயது சுமார் 16. அதை அரசர் இரண்டாம் விக்டர் இம்மானுவேல் வாங்கினார். நேப்பிள்ஸின் கப்போடிமொண்டே அரண்மனை அருங்காட்சியகத்துக்குப் போனால் ஜெமிட்டோவின் படைப்புகளைப் பார்க்கலாம். ‘நேப்பிள்ஸ் மீன்காரச் சிறுவன்’ 1877இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைக்கப்பட்டுப் பெரும் பேச்சாயிற்று. இன்று அது ஃபுளோரன்ஸின் பர்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிடித்த மீன் வழுக்கிவிடாமல் மார்போடு அணைத்துப் பிடித்திருக்கும் ஒரு வெண்கலப் பையன். சக்கரத்தைப் பார்த்துவிட்டு அவனை நினைத்தால், அந்தப் பிடி வேறு மாதிரி தெரிகிறது.

புகழ் வந்தது. நிம்மதி நிலைக்கவில்லை. அவருடைய துணைவி மத்தில்டே 1881இல் இறந்தார். பிறகு நேப்பிள்ஸ் அரண்மனை முகப்புக்காக ஐந்தாம் சார்ல்ஸ் மன்னரின் சிலையைச் செய்யும் வேலை வந்தது. வெண்கலத்துக்குப் பழகிய கைக்குப் பளிங்கு ஒத்துவரவில்லை. 1887 வாக்கில் மனம் உடைந்தது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் வெளி உலகத்திடமிருந்து விலகி, பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே வாழ்ந்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் வேலைக்குத் திரும்பி, 1929இல் நேப்பிள்ஸிலேயே காலமானார்.

பெயர்தான் விதி என்று சொல்ல ஆசை வரும். நான் சொல்ல மாட்டேன். அதே பெயரோடுதான் அந்தச் சிலைகளையும் செய்தார். இன்று நேப்பிள்ஸில் ஜெமிட்டோ என்று சொன்னால் முனகலைவிட முதலில் நினைவுக்கு வருவது வெண்கலம்தான்.

அவருக்கு ஒரு மகள் இருந்தாள். ஏட்டில் எழுதியதைத் தன் பெயராக ஏற்றுக்கொண்ட மனிதருக்கு, தானே ஓர் உயிருக்குப் பெயர் வைக்கும் வாய்ப்பு. மகளின் பெயர் ஜூசெப்பினா. சக்கரத்திலிருந்து தன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த தாயின் பெயர்.

இத்தாலியில் வழிவழியாகத் தந்தையின் குடும்பப் பெயர்தான் பிள்ளைகளுக்குப் போகும். மகள் வழியில் அது நின்றுவிடும். ஒரே மனிதரிடம் தொடங்கிய ஒரு பெயர் ஏன் அரிதாக இருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. தாயின் பெயரும் பிள்ளைக்குப் போகலாம், தந்தையின் பெயர் மட்டும் தானாக ஒட்டிக்கொள்வது சரியில்லை என்று இத்தாலியின் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2022இல்தான்.

நீங்கள் போனால்

நேப்பிள்ஸ் போகும் குடும்பங்கள் பொம்பெயிக்கும் பீட்சாவுக்கும் ஒதுக்கும் நேரத்தில் அரை நாளை இதற்குக் கொடுக்கலாம். காலையில் அனுன்சியாத்தா. சக்கரம் 1875இல் மூடப்பட்டது. அது இருந்த அறை இன்றும் இருக்கிறது. பிறகு சுரங்க ரயிலின் முதல் தடத்தில் ஏறி, வோமெரோ குன்றின் மேலுள்ள குவாத்ரோ ஜொர்னாத்தே நிலையத்தில் இறங்குங்கள். பக்கத்திலேயே ஜெமிட்டோ தெரு. மரங்கள், பழைய விளையாட்டரங்கம், மாலையில் நடக்கும் முதியவர்கள் என்று ஒரு சாதாரணக் குடியிருப்புப் பகுதி. தொமெனிக்கோ ஸ்தார்னோனே இந்தத் தெருவின் பெயரிலேயே எழுதிய நாவல் 2001இல் இத்தாலியின் ஸ்திரேகா விருதைப் பெற்றது.

கடைசியாகக் கடற்கரைப் பக்கம் இறங்கி, பிளெபிஷீத்தோ சதுக்கத்துக்கு வாருங்கள். அரண்மனையின் நீண்ட முகப்பில் எட்டு மாடங்கள், எட்டு அரசர்கள். 1888இல் வைத்தவை. இடமிருந்து ஐந்தாவது ஐந்தாம் சார்ல்ஸ். ஜெமிட்டோவின் மனத்தை உடைத்த அதே சிலை. கையை நீட்டிக் கம்பீரமாகத்தான் நிற்கிறது.

அதற்கு அடுத்த மாடத்தைத் தாண்டி ஏழாவதைப் பாருங்கள். அங்கே நிற்பவர் ஜோகிம் முரா. எஸ்போசிட்டோ என்று இனி யாரையும் எழுதாதீர்கள் என்று தடை போட்ட அரசர். அந்தத் தடை இல்லாமல் இருந்திருந்தால் நகரத்து எஸ்போசிட்டோக்களில் இன்னும் ஒருவர் கூடியிருப்பார். ஜெமிட்டோ என்ற பெயரே பிறந்திருக்காது. அரசர் ஒரு பெயரை விலக்கினார், எழுத்தர் ஒரு வளைவைக் கூட்டினார், மீதியை அந்தப் பிள்ளையே தன் கையால் செய்துகொண்டான்.

சிலைகளின் அடியில் ஊர்ப் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் எஸ்போசிட்டோவோ, யாரும் கேட்கவில்லை.