குட்டி யானையில் பத்து பேர்

நாமக்கல்லில் வண்டி கிடைக்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் ரோட்டோரம் வரிசையாக நிற்கிற ஊர் அது. அந்த ஊரிலேயே, நாற்பது மாணவர்களின் முகாம் சாமான்களைக் கொல்லிமலைக்கு ஏற்ற ஒரு வேன் பேச மூன்று நாள் அலைந்தான் ஒரு பொருளாளன். (முகாம் பொருளாளன் என்றால் ஏதோ பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். கூட்டத்தில் பி.காம். படிப்பவன் எவன் என்று பார்த்து அவன் கையில் ஒரு நோட்டைக் கொடுத்துவிடுவார்கள். அவ்வளவுதான் :-))

நான்கு நாள் முகாம். ஆட்கள் அரசுப் பேருந்தில் போவதாகவும் சாமான் மட்டும் வேனில் போவதாகவும் ஏற்பாடு. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி வரை சமதளம். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். செம்மேட்டுக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர்.

முதலில் போன வேன் ஸ்டாண்டில் 5,500 ரூபாய் சொன்னார்கள். பொருளாளன் மனதுக்குள் போக வர 110 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான். டிரைவர் 220 என்றார்.

"நாலு நாளும் வண்டிய அங்கயே நிறுத்திக்கப் போறீங்களா? இல்லல்ல. எறக்கிட்டு நான் காலியா வரணும். மறுபடி காலியா மேல வந்து ஏத்திக்கிட்டு எறங்கணும்."

"காலியா வர்றதுக்கு எதுக்குண்ணா காசு?"

"காலியா வந்தா டீசல் ஊத்த வேண்டாமுங்களா தம்பி?"

நியாயம்தான். நான்கு நடையில் இரண்டு வெறும் வண்டி. அதற்கும் சேர்த்துத்தான் வாடகை. டிரைவர் பேட்டா தனி. ஏற்றி இறக்க ஆள் வேண்டுமென்றால் அதுவும் தனி.

இரண்டாவது இடத்தில் 4,000 ரூபாய். அதோடு ஒரு சலுகையும் கிடைத்தது. "பசங்க பத்துப் பேரு பின்னாடி சாமான் மேல ஏறிக்கட்டும். பஸ் காசும் மிச்சம்."

அன்று ராத்திரியே பத்து பேர் பட்டியல் தயார். தார்ப்பாய்க்கு மேல் உட்கார்ந்து, காற்று முகத்தில் அடிக்க, எழுபது வளைவையும் பார்த்துக்கொண்டே ஏறுவது யாருக்குத்தான் பிடிக்காது? பட்டியலில் முதல் பெயர் பொருளாளனின் அறைத்தோழனுடையது. போன வருட முகாமுக்கும் இப்படித்தான் போனார்களாம்.

பொருளாளன் மட்டும் நோட்டை விரித்து எடைக் கணக்குப் போட்டான். கான்வாஸ் கூடாரம் 12, கம்பியோடு ஒன்று 18 கிலோ, ஆக 216. அரிசி மூன்று மூட்டை 75. மளிகை, காய்கறி 60. அண்டா, தவலை, அடுப்பு 90. கேஸ் சிலிண்டர் இரண்டு 70. மண்வெட்டி, கடப்பாரை 40. பாய், ஜமுக்காளம் 60. மொத்தம் 611 கிலோ.

பேசியிருந்தது டாடா ஏஸ். 2005இல் வந்த வண்டி, ஊரெல்லாம் குட்டி யானை என்று கூப்பிடுவது அதைத்தான். அது சுமப்பது சுமார் முக்கால் டன், அதாவது 750 கிலோ. சாமானுக்கு இடம் தாராளம். பத்து பையன்களை ஆளுக்கு 60 கிலோ என்று சேர்த்தால் 1,211. யானை குட்டி என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்!

எடை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அவன் பரீட்சைக்கு மட்டும் படித்து மறந்திருந்த காப்பீட்டுப் பாடம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் வந்தது. 1994 திருத்தத்துக்குப் பிறகு, சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ கூடப் போனால் அவருக்குக் காப்பீடு உண்டு. அவரும் கேபினில்தான் உட்கார வேண்டும். மற்றபடி சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏதாவது ஆனால் நஷ்டஈடு வண்டிக்காரர் தலையில் விழும். ஒரே ஒரு குட்டி யானையை லோனில் வாங்கி ஓட்டுகிறவர் பத்து குடும்பத்துக்கு எங்கிருந்து கொடுப்பார்?

அதாவது பத்து பேரில் ஒருவனுக்குத்தான், அதுவும் முன் சீட்டில் உட்கார்ந்தால்தான், காப்பீடு. மீதி ஒன்பது பேருக்கு அந்த 4,000 ரூபாயில் எதுவுமே சேரவில்லை.

மூன்றாம் நாள் உழவர் சந்தைப் பக்கம் ஒரு டிரைவர் அண்ணன் கிடைத்தார். சொந்த வண்டி. அவர்தான் முதல் கேள்வியாக "எத்தன கிலோ வரும்?" என்று கேட்டவர். நோட்டைக் காட்டியதும் சிரித்துவிட்டார்.

"முன்னாடி ஒருத்தர் வரட்டும், சாமானுக்குப் பொறுப்பா. பின்னாடி ஒருத்தரும் ஆகாதுங்க. மலையில நான் ஏத்த மாட்டேன்."

வாடகை 4,600. அது எப்படிக் கட்டுப்படியாகும் என்று இவனே கேட்டான். விஷயம் எளிது. சாமானை இறக்கிவிட்டு சோளக்காட்டுச் சந்தையில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கிவிடுவார். கடைசி நாள் மேலே வரும்போது ஒரு மளிகைக் கடைக்குச் சரக்கு கொண்டு வருவார். இரண்டு காலி நடையும் காலியில்லை என்றால் அந்தக் காசு இவர்கள் தலையில் விழாது. ஒரே நிபந்தனை, காலை எட்டு மணிக்குள் சாமானை இறக்கியாக வேண்டும். தாமதமானால் மணிக்கு 200 ரூபாய்.

அறையில் பெரிய சண்டை. அறுநூறு ரூபாய் அதிகம், அதற்கு மேல் பத்து பேருக்கு பஸ் டிக்கெட். அறைத்தோழன் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்வது கஷ்டம். "போன வருஷம் போனாங்களே, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஆனா அதுக்கு ரசீது கிடையாதுடா. இந்த வருஷக் கணக்குல அத வச்சு நான் என்ன எழுதறது?"

அதற்குப் பிறகு இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அதே அறையில்.

கிளம்பும் நாள் விடிகாலை மூன்றரைக்கு ஏற்ற ஆரம்பித்தார்கள். எட்டு மணி வகுப்புக்கே வராதவர்கள் மூன்றரைக்கு வந்ததுதான் முகாமின் முதல் அதிசயம். அண்ணன் சொல்லச் சொல்ல அடுக்கினார்கள். கனமானதெல்லாம் அடியில், கேபினை ஒட்டி. சிலிண்டர் படுக்கக் கூடாது, நிமிர்த்தி வைத்து முன் மூலையில் கட்ட வேண்டும். அரிசி மூட்டை நடுவில். கூடாரமும் பாயும் மேலே. அதன் மேல் தார்ப்பாய், குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. அறைத்தோழனும் வந்து மூட்டை தூக்கினான், வாய் மட்டும் திறக்கவில்லை.

முன் சீட்டில் பொருளாளன். காரவள்ளி தாண்டியதும் பெரும்பாலும் ஒன்று, இரண்டாம் கியர்தான். முப்பது வளைவு தாண்டி, கொஞ்சம் அகலமான ஓர் இடத்தில் அண்ணன் ஓரம் கட்டினார். பின்பக்கம் போய்க் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கட்டும்போது கம்பி மாதிரி விறைப்பாக இருந்த கயிறு தொளதொளத்துக் கிடந்தது. அரிசி மூட்டைகள் ஒரு சாண் பின்னால் நகர்ந்திருந்தன. மேலே வைத்த கூடாரங்களில் இரண்டு சரிந்து பின்கதவின் மேல் தொங்கிக்கொண்டிருந்தன. ஏற்றத்தில், ஒவ்வொரு திருப்பத்திலும், சுமை பின்னாலும் வெளிப்பக்கமும்தான் தள்ளுமாம். அதனால்தான் பாதியில் நிறுத்தி இறுக்குவாராம்.

பத்து பேர் உட்காருவதாக இருந்த இடம் அந்தக் கூடாரங்களின் மேல்தான்.

இருவருமாகத் தூக்கி வைத்து மறுபடி கட்டினார்கள். பொருளாளன் அண்ணனிடம் எதுவும் சொல்லவில்லை. போனில் ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டான். ஏழே முக்காலுக்குச் சாமான் இறங்கியது.

பஸ்ஸில் வந்தவர்கள் பதினொரு மணிக்கு வந்தார்கள், பாதிப் பேர் வளைவுகளில் வாந்தி எடுத்த களைப்போடு. அறைத்தோழனிடம் அந்தப் படத்தைக் காட்டினான். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கூடாரம் எங்கடா அடிக்கணும்?" என்று கேட்டான். சண்டை அதோடு முடிந்தது.

முகாம் முடிந்து கணக்கு வாசித்தபோது வேன் வாடகை போன வருடத்தை விட ஏன் அதிகம் என்று ஒருவன் கேட்டான். பொருளாளன் வாய் திறக்கும் முன் அறைத்தோழன் எழுந்து பதில் சொல்லிவிட்டான்.

அந்த நோட்டு இப்போது அடுத்த பொருளாளன் கையில். கடைசிப் பக்கத்தில், வேன் பேசுவதற்கு முன் கேட்க வேண்டியவை என்று நான்கு வரி இருக்கிறது. மொத்தம் எத்தனை கிலோ? வண்டி எத்தனை கிலோ தாங்கும்? காலி நடைக்கு யார் காசு, திரும்பும்போது வேறு சரக்கு கிடைக்குமா? சாமானோடு போகிற அந்த ஒருவர் யார்?

அதற்குக் கீழே அந்த டிரைவர் அண்ணனின் போன் நம்பர்.